கைக்கு என்று ஒரு பத்தி

நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் நின்று நன்றாகப் பாடம் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியரைக் காமிராவுக்கு முன்னால் நிறுத்தி, அதே பாடத்தை அதே விதமாகச் சொல்லச் செய்து, அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றிவிட்டால் அது இணையப் பாடமாகிவிடும் என்கிற எண்ணம் நம்மிடையே வெகு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2020-ஆம் வருஷத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த நாட்களில், வீட்டுச் சுவரில் தாளை ஒட்டி, கைபேசியை டப்பாவின்மேல் சாய்த்துவைத்து, இரவெல்லாம் விழித்துப் பாடம் பதிவு செய்த ஆசிரியர்களை நான் கண்ணாரக் கண்டவன்; அவர்களுடைய சிரத்தையை இன்றும் நெஞ்சார மதிக்கிறேன். ஆயினும் ஆபத்துக் காலத்தில் அவசரமாகச் செய்ததை, அவசரம் தீர்ந்த பிறகும் முறையென்று வைத்துக்கொள்வது தகாது என்பது என் அபிப்பிராயம். முக்கியமாக, ஆசிரியர்களுக்கே ஆசிரியர்கள் தயாரிக்கும் பாடங்களில் அது தகவே தகாது.

ஆரணியிலே இருந்துகொண்டு, ஆரணி, மேற்கு ஆரணி ஒன்றியங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலரோடு கூடி, ஆசிரியர்களுக்கான சிறு இணையப் பாடங்களையும் படக்காட்சிகளையும் ஒலிப்பதிவுகளையும் வடிவமைக்கும் வேலையில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். "எந்தக் காமிரா வாங்கலாம்? எந்த மென்பொருள் நல்லது?" என்றுதான் புதிதாக வருகிற நண்பர்கள் முதலில் கேட்கிறார்கள். கைபேசிக் காமிரா போதும். ஒலியைச் சுத்தம் செய்வதற்கு ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. திரையைப் பதிவு செய்வதற்கு ஓபிஎஸ் இருக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன மைக் மட்டும் காசு கொடுத்து வாங்கவேண்டும். சாதனத்தைப் பற்றிய பேச்சு இவ்வளவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுகிற விஷயம்தான் பெரிது: அந்தப் பக்கத்தில் இருக்கிற மனிதர் இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்?

இந்தக் கேள்வி புதியதன்று. 1956-ஆம் வருஷத்தில், பம்பாய் ராஜ்யத்தைச் சேர்ந்த 150 கிராமங்களில், யுனெஸ்கோவின் உதவியோடு, புனா வானொலி நிலையம் ஒரு சோதனையை நடத்திற்று. விவசாயிகள் சிறுசிறு மன்றங்களாகக் கூடி, வாரம் இருமுறை அரைமணி நேர ஒலிபரப்பைக் கேட்டு, கேட்டதைப் பற்றி அங்கேயே விவாதித்து, தங்கள் சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினார்கள். பால் நியூராத் என்கிற சமூகவியல் அறிஞர் அதை ஆராய்ந்தபோது, மன்றம் கூடிய கிராமங்களில் மக்களின் அறிவு மிகத் தெளிவாக வளர்ந்திருந்ததையும், வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களில் அவ்வளர்ச்சி மிகச் சொற்பமாகவே இருந்ததையும் கண்டார். நம் தமிழ்நாட்டிலும் தஞ்சைப் பகுதி விவசாயிகள், வானொலியில் கேட்டறிந்து பயிரிட்ட ஏ.டி.டி. 27 என்னும் நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள். கேட்டவர் வயலில் இறங்கி நாற்று நட்டதனால் அல்லவா அந்தப் பெயர் நிலைத்தது?

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரையில், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற 'சைட்' என்னும் பரிசோதனையிலும் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஓர் அங்கமாக இருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்த அந்த ஏற்பாட்டில், தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட கையேடு, உள்ளூரில் ஒரு வழிகாட்டி ஆசிரியரின் மேற்பார்வையில் கையால் செய்துபார்க்கும் சோதனைகள் ஆகிய யாவும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன. இன்று நாம் 'பல்லூடகம்' என்று புதிதாகச் சொல்லுகிற சங்கதியை அன்றைய அறிஞர்கள் எவ்வளவு பூரணமாக நினைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு அவர்கள்பால் பெருமதிப்பு உண்டாகிறது. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இடம்பெறவில்லை.

ஆனால் பின்னாளில் நாம் சளைக்கவில்லை. வா.செ. குழந்தைசாமி அவர்களின் பெருமுயற்சியால் 2001-ஆம் வருஷம் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. திக்‌ஷா என்னும் கல்வித் தளம் 2017-இல் வந்தது. 2018-இல் வெளியான புதிய பாடநூல்களின் பக்கங்களில் கியூஆர் கோடுகள் இடம்பெற்றன. கணிதப் புத்தகங்களில் ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளை வைத்துச் செய்துபார்க்கும் இணையச் செயல்பாடுகளும் சேர்ந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சி 2020 அக்டோபரில் இணையவழிக்கு மாறியது. ஆகவே ஆரணிப் பக்கத்து ஓர் ஆசிரியரின் கைபேசிக்குள் பாடங்கள் வந்து சேர்வதற்கு இன்று வழியில்லாமலில்லை. வந்து சேர்ந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் 1956-இல் போலவே இன்றும் கேட்கவேண்டிய கேள்வியாக இருக்கிறது.

வகுப்பறையில் ஆசிரியருக்கு ஒரு பெரிய சகாயம் உண்டு: குழந்தைகளின் முகம். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் புருவத்தைச் சுருக்கினால், சொன்னதை வேறு விதமாகச் சொல்லவேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. பதிவு செய்த பாடத்தில் அந்த முகம் கிடையாது. எனவே, எந்த இடத்தில் புருவம் சுருங்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, பார்ப்பவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, அதைச் செய்துமுடித்தபின் அவருக்கு எழக்கூடிய பதில்களை எடுத்துக்கொண்டு மேலே பேசுவதுதான் வடிவமைப்பு என்று நான் கருதுகிறேன். பம்பாய் ஐஐடியில் சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் முதலிய பேராசிரியர்கள், கற்பவரை மையமாகக் கொண்ட இணையப் பாடங்களுக்கு ஒரு முறையை வகுத்து, அதை ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். காணொளியின் நடுவே, "இங்கே நிறுத்துங்கள், சிந்தியுங்கள், எழுதுங்கள்" என்று பார்ப்பவரைக் கேட்டுக்கொள்ளும் சிந்தனை இடங்கள் அதில் ஒரு பிரதானமான அம்சம். அதே ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா நிறுவிய ஸ்போகன் டுடோரியல் திட்டத்தில், ஏறக்குறையப் பத்து நிமிஷப் பாடம் ஒவ்வொன்றுக்கும் முதலில் தாளில் இரண்டு பத்திகளாக எழுதுகிறார்கள்: ஒன்றிலே திரையில் தெரிய வேண்டியது, மற்றொன்றிலே காதில் கேட்க வேண்டியது. அந்த விஷயத்தை அறியாத ஒருவர் அந்தத் தாளைப் படித்துச் செய்துபார்த்து, தடையில்லாமல் செய்ய முடிகிறது என்று சொன்ன பிறகுதான் குரலைப் பதிவு செய்கிறார்கள். இந்தப் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

அந்த இரண்டு பத்திகளோடு நாங்கள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். கண்ணுக்கு ஒரு பத்தி, காதுக்கு ஒரு பத்தி, கைக்கு ஒரு பத்தி. மூன்றாவது பத்தியில், பார்க்கிற ஆசிரியர் அந்த நிமிஷத்தில் என்ன செய்கிறார் என்பதை எழுதவேண்டும். தாளின் கீழ்வரையில் அந்தப் பத்தி வெறுமையாகவே இருந்தால் அந்தப் பாடத்தைப் படம்பிடிப்பதில்லை என்பது எங்கள் நியமம்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவது நல்லது. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் ஆயத்தொலை வடிவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. (5, 7) என்றால் முதலில் குறுக்கே ஐந்து, பிறகு மேலே ஏழு என்கிற வரிசையைக் குழந்தைகள் அடிக்கடி மாற்றிவிடுகிறார்கள். ஆசிரியருக்கு ஆயத்தொலைவு தெரியும். அதை நாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரிசை மாறினால் என்ன கெட்டுப்போகும் என்பதைக் குழந்தைக்குப் பிரத்தியட்சமாகக் காட்டும் உபாயம்தான் அவருக்கு வேண்டியது. அந்த உபாயம் ஆரணியைச் சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு குழித்தறியின் தலைமேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஜக்கார்டுப் பெட்டியைத்தான் சொல்லுகிறேன்.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய அந்தச் சாதனத்தின் தத்துவம் வெகு எளிமையானது. புடவையில் நெய்யவேண்டிய புட்டாவின் டிசைனை முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைகிறார்கள். குறுக்கே எண்ணினால் ஒவ்வொரு கட்டமும் பாவின் ஓர் இழை. மேலே எண்ணினால் ஒவ்வொரு வரியும் ஊடையின் ஓர் ஓட்டம். ஒரு வரிக்கு ஓர் அட்டை. நிறம் பூசிய கட்டத்துக்கு அட்டையில் ஒரு துளை. நெசவாளர் மிதியை அழுத்தும்போது, துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது. அதற்குரிய கொக்கி நிலைத்து நின்று, மேலேறும் கத்தியோடு சேர்ந்து எழும்பித் தன் இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளிவிட, கொக்கி கத்தியைவிட்டு விலகி, அந்த இழை கீழேயே கிடக்கிறது. 120 கொக்கி, 240 கொக்கி என்று பெட்டியின் அளவைச் சொல்லுவார்கள். ஏழாவது அட்டையில் ஐந்தாவது இடத்தில் துளை என்றால் அதுதான் (5, 7). புடவையின்மேல் சரிகையில் மின்னுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படி ஓர் ஆயத்தொலைவு உண்டு.

ஒண்ணுபுரத்தில் ஒரு தறிவீட்டில் இந்தப் பாடத்துக்கான படத்தை எடுத்தோம். தறியின் ஓசையில் குரல் கேட்கவில்லை. "சத்தம் வேணாம்னா தறியை நிறுத்தணும் சார், தறியை நிறுத்தினா நீங்க எதைப் படம் புடிப்பீங்க?" என்று நெசவாளர் கேட்டார். அவர் சொன்னதில் ஒரு நல்ல பாடம் இருந்தது. தறியைத் தறியாகவே ஓடவிட்டு, அதன் ஓசையைச் சில விநாடிகள் தனியாகக் கேட்கச் செய்து, பேச்சை வேறிடத்தில் பதிவு செய்து பிறகு சேர்த்தோம். அட்டைச் சங்கிலி ஒரு முறை புரளுவதையும், ஊசிகள் அசைவதையும், இழைகள் எழும்புவதையும் தனித்தனியே அண்மையில் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாகக் காட்டினோம். குழித்தறி இருக்கிற அறையில் வெளிச்சம் குறைவு. இழை எழும்புவதோ விரற்கடை அளவுதான். ஆகையால் டியூப்லைட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது. புடவைக் கணக்கில் கூலி வாங்குகிற ஒரு மனிதருக்கு, நமக்காக மெதுவாக நெய்து காட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் வருமான நஷ்டம் என்பதைப் படம்பிடிக்கப் போகிறவர்கள் மனத்தில் வைத்து, அவருடைய சம்மதத்தையும் கேட்டு, அவருடைய நேரத்துக்கு உரியதையும் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவருடைய கலையை நாம் பாடமாக்கும்போது அவர்தாம் அங்கே உபாத்தியாயர்.

இனி மூன்றாவது பத்தி. படம் இரண்டு நிமிஷம் ஓடியதும் நிற்கிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கட்டத்தில் வரைந்த, நிமிர்ந்து நிற்கும் மாங்காய்ப் புட்டா ஒன்று திரையில் தெரிகிறது. "உங்கள் மாணவர் ஒருவர் இதிலுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் முதல் எண்ணையும் இரண்டாவது எண்ணையும் மாற்றி எழுதிவிட்டார். அவருடைய அட்டைகளை வைத்து நெய்தால் புடவையில் என்ன தெரியும்? கிராஃப் தாளில் வரைந்து பாருங்கள்" என்று குரல் கேட்டுவிட்டு அடங்குகிறது. வரைந்து பார்த்தவருக்கு மாங்காய் மூலைவிட்டத்தின் குறுக்கே பிரதிபலித்துப் பக்கவாட்டில் படுத்துக்கிடப்பது தெரியும். வரையாமல் மேலே பார்க்கிறவருக்கும் படம் அதைச் சொல்லத்தான் செய்யும். ஆனால் தம் கையால் படுக்கவைத்த மாங்காயை மறுநாள் வகுப்பில் கொண்டுபோய்க் காட்டுகிற ஆசிரியரின் குரலில் ஒரு தனி உற்சாகம் இருக்கிறது. கடைசிக் கேள்வி எங்களுக்குப் பிரியமானது: "வரிசை மாறினாலும் இடம் மாறாத புள்ளிகள் எவை?" இதற்கு நாங்கள் படத்திலே விடை சொல்லுவதில்லை. ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் விவாதம் நடக்கிறது. புனா கிராமத்து மன்றம் இன்று அந்த ரூபத்தில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தப் படம் ஆறு நிமிஷத்துக்கு உட்பட்டது. எட்எக்ஸ் என்னும் இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்து, 2014-இல் ஃபிலிப் குவோ முதலியோர் வெளியிட்ட கட்டுரையில், ஆறு நிமிஷத்துக்குக் குறைந்த காணொளிகளையே மக்கள் மிகுந்த ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். நீளத்தைக் குறைப்பதற்கு நறுக்குவது வழியன்று. ஒரு படத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டால் நீளம் தானே குறைகிறது.

இசை சேர்க்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சேர்க்கவேண்டாம் என்பேன். கலிபோர்னியாவில் பேராசிரியராக இருக்கும் ரிச்சர்டு மேயர், பல வருஷ காலச் சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து, 2001-இல் பல்லூடகக் கற்றலைப் பற்றிய நூலை வெளியிட்டார். நம் மனம் கண்வழியாகவும் செவிவழியாகவும் ஒரே சமயத்தில் கொள்ளக்கூடியது அளவுக்கு உட்பட்டதாகையால், பாடத்துக்கு வேண்டாத இசையும் அலங்காரப் படங்களும் கற்றலைக் குறைக்கின்றன என்றும், அசையும் படத்துக்கு விளக்கம் எழுத்தாக வருவதைவிடக் குரலாக வருவதே நன்மை தருகிறது என்றும் அவர் காட்டியிருக்கிறார். ஊசி அசைவதைப் பார்க்கவேண்டிய கண்ணைத் திரையின் அடியில் நாலு வரி படிக்கச் சொன்னால், அது ஊசியைத் தவறவிட்டுவிடுகிறது. காது கேளாதவர்களுக்காக எழுத்துவடிவம் கட்டாயம் வேண்டும். அதை வேண்டும்போது திறந்துகொள்ளவும் மூடிக்கொள்ளவும் வசதி செய்து தரவேண்டும்.

பேசுகிற நடையைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல விரும்புகிறேன். உரையாடுகிற தொனியில் சொல்லப்படும் பாடம், சம்பிரதாயமான தொனியில் சொல்லப்படுவதைக் காட்டிலும் நன்றாக மனத்தில் பதிகிறது என்பதும் மேயரின் முடிவுகளில் ஒன்று. தமிழிலே எழுதுகிற நடைக்கும் பேசுகிற நடைக்கும் இருக்கிற தூரத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று விளக்கவேண்டியதில்லை. மாலை நேரத்தில் திண்ணையில் அமர்ந்து ரம்மியமாகப் பேசுகிற ஆசிரியர், மைக்கைக் கண்டவுடன், "தற்போது இவ்வட்டையினை உற்று நோக்குக" என்று ஆரம்பித்துவிடுகிறார். "இப்போ இந்த அட்டையைப் பாருங்க, டீச்சர், இந்தத் துளைக்கு நேரா எந்தக் கொக்கி இருக்கு?" என்று சொல்லச் சொன்னால், மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கூச்சப்படுகிறார். இந்தக் கட்டுரையை நான் எழுதுகிற நடை கண்ணால் படிப்பதற்கு உரியது. இதை அப்படியே குரலில் பதிவு செய்தால் கேட்கிறவர் அலுத்துப்போவார். ஆகவே தாளின் இரண்டாவது பத்தியை எழுதியதும், எதிரே ஒருவரை உட்காரவைத்து, தாளைப் பார்க்காமல் அவருக்கு அதைச் சொல்லிக்காட்டி, நாக்கு எப்படித் திருப்பிச் சொல்லுகிறதோ அப்படியே மாற்றி எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். வடாற்காட்டுப் பேச்சின் சாயல் அதில் வந்தால் வரட்டும். அது அந்த மண்ணின் குரல்.

பாடத்தைப் பெறுகிறவரின் நிலைமையை மறந்து எழுதுகிற தாளும் பயன்படாது. பள்ளியிலிருந்து திரும்பி, சமையலை முடித்து, பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, அதே கைபேசியைப் பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொண்டு ஒன்பதரை மணிக்கு மேல் உட்காருகிற ஓர் ஆசிரியையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் தாளை எழுதுகிறோம். ஜவ்வாது மலையில் உட்கிராமமொன்றில் வேலை பார்க்கிற ஓர் அம்மையார், "போளூர் எறங்கினாத்தான் சார் எல்லாம் எறங்குது" என்று சொன்னார். அவருக்காகவே படங்களை முன்னதாகத் தரவிறக்கிக்கொள்ளும்படி சிறிய அளவில் தருகிறோம். திக்‌ஷா செயலியிலும் அந்தச் சௌகரியம் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒலிமட்டும் உள்ள பதிவு ஒன்றும், ஒரே பக்கத்தில் அச்சிடக்கூடிய தாள் ஒன்றும் உடன் செல்லுகின்றன. பாடம் யாவற்றையும் படைப்பாக்கப் பொதும உரிமத்தின் கீழ் விடுகிறோம். சேலத்திலோ பரமக்குடியிலோ உள்ள ஆசிரியர் தம் ஊர்த் தறியைப் படமெடுத்து எங்கள் படத்தின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு படத்தை இறுதிவரை ஓடவிட்டதற்கு நூறு சதவீதம் என்று காட்டும் கணக்கை எந்தத் தளத்தில் கண்டாலும் எனக்கு விசனமாக இருக்கிறது; ஏனெனில் அந்தக் கணக்கு அளப்பது கைபேசியின் உழைப்பையே. அந்த ஆசிரியர் பாடத்தை வகுப்பில் செய்துபார்த்து, குழந்தைகள் வரைந்த தாள்களில் இரண்டைப் புகைப்படமெடுத்து அனுப்பி, அவற்றுள் ஒன்றைப் பற்றி நாலு வரி எழுதினால், அதைச் சக ஆசிரியர் ஒருவர் படித்துப் பதில் எழுதினால், அதையே பூர்த்தி என்று கொள்ளலாம். அதற்கு ஆள்பலம் வேண்டும் என்பது உண்மை. வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் நேரில் சந்திக்கிறார்கள். இணையப் பாடத்தை அந்தக் கூட்டத்துக்கு முன்தினம் பார்ப்பதற்கும், கூட்ட நேரத்தை விவாதத்துக்கும் வைத்துக்கொண்டால், புதிதாக ஒரு செலவும் இல்லாமல் பெரும்பயன் விளையும்.

அடுத்ததாக, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்காகப் பாவு ஓட்டுவதை வைத்துப் பெருக்கலைக் கற்பிக்கும் ஒரு பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டு பத்திகள் முடிந்துவிட்டன. மூன்றாவது பத்தியில், இழைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் கொத்துக் கொத்தாக எண்ணுகிற நெசவாளரின் வழக்கத்தை வைத்து, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் எதைக் கையில் பிடித்து எண்ணலாம் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. நூல் சிக்கிக்கொள்கிறது, குச்சி உருண்டுவிடுகிறது. வகுப்பில் செய்து பார்த்தவர்கள் எழுதினால் அந்தப் பத்தியை நிரப்பிவிட்டுப் படப்பிடிப்புக்குப் போவோம்.